முதலீட்டு வகைகளும் நீடித்த முதலீடும்: பாலக்காடு, இடுக்கி எல்லைப் பகுதி தரும் பாடங்கள்

இன்றைய நுகர்வைக் குறைத்து நாளைய வருவாய்க்கு வழி தேடுவதே முதலீடு. அவ்வருவாய் எத்தனை ஆண்டுகள் நிலைக்கும், அதற்காக எவர் இழப்பை ஏற்கிறார் என்னும் வினாக்களையும் சேர்த்து ஆராய்வது நீடித்த முதலீடு. கேரளத்தின் பாலக்காடு, இடுக்கி மாவட்டங்களில் தமிழ்நாட்டை ஒட்டிய பகுதிகளும் அவற்றை அடுத்த மலைகளும் இவ்விரண்டையும் விளக்கத் தக்க எடுத்துக்காட்டுகளைக் கொண்டுள்ளன.

முதலீட்டின் வகைகள்

சேமிப்பவர் தம் பணத்தைக் கடனாகத் தரலாம். அல்லது உடைமையில் பங்கு கொள்ளலாம். வங்கி வைப்பு, அஞ்சலகச் சேமிப்பு, அரசுக் கடன் பத்திரம் ஆகியவை முதல் வகையின. இவற்றில் வட்டி முன்னரே வரையறுக்கப்படுகிறது. இடர் குறைவு; ஆனால் விலைவாசி உயர்வு வருவாயை அரிக்கும். 10,000 ரூபாய்க்கு ஆண்டுக்கு 7 விழுக்காடு வட்டி கிடைத்து, விலைவாசி 6 விழுக்காடு உயர்ந்தால், மெய்யான ஆதாயம் ஏறத்தாழ 1 விழுக்காடே.

நிறுவனப் பங்கு இரண்டாம் வகையினது. லாபம் வந்தால் ஈவுத்தொகை உண்டு. இழப்பு நேர்ந்தால் முதலே குறையலாம். பரஸ்பர நிதி பலருடைய பணத்தைத் திரட்டிப் பல பங்குகளிலும் பத்திரங்களிலும் பரப்புவதால் இடர் பகிரப்படுகிறது. நிலமும் தங்கமும் மக்கள் நன்கறிந்தவை. எனினும் அவசரத்தில் நிலத்தை உரிய விலைக்கு விற்பது எளிதன்று. கிராமங்களில் வழங்கும் சீட்டு, சேமிப்பும் கடனும் கலந்தது. 1982ஆம் ஆண்டின் சீட்டு நிதிச் சட்டப்படி பதிவு பெற்றதா என்று பார்த்தே அதில் சேர வேண்டும்.

எந்த முதலீட்டையும் பாதுகாப்பு, வருவாய், எளிதில் பணமாக்கும் வசதி ஆகிய மூன்றாலும் அளக்கலாம். மூன்றும் ஒருசேர உச்ச அளவில் கிடைக்கும் முதலீடு எதுவும் இல்லை.

மூணாறு: தொழிலாளரே பங்குதாரர்

இடுக்கி மாவட்டத்தின் கண்ணன் தேவன் மலைகளில் 1877ஆம் ஆண்டு பூஞ்ஞாறு அரசரிடமிருந்து ஜான் டேனியல் மன்றோ நில உரிமை பெற்றதிலிருந்து தோட்டத் தொழில் வளர்ந்தது. தமிழ்நாட்டிலிருந்து சென்று தலைமுறைகளாக உழைத்தவர்களே அதன் தொழிலாளருள் பெரும்பாலோர். 2005ஆம் ஆண்டு டாடா டீ நிறுவனம் இங்குத் தோட்ட நிர்வாகத்திலிருந்து விலகியபோது, கண்ணன் தேவன் ஹில்ஸ் பிளான்டேஷன்ஸ் என்னும் புதிய நிறுவனம் உருவாயிற்று. தொழிலாளரும் அலுவலரும் அதன் பங்குதாரர் ஆயினர். கொழுந்து பறிப்பவர் உடைமையாளருமானது இந்தியத் தோட்டத் தொழிலில் புதுமையான ஏற்பாடு.

ஆயினும் முதலீட்டு நோக்கில் இங்கு ஒரு சிக்கல் உண்டு. தொழிலாளியின் கூலி, குடியிருக்கும் வீடு, பங்கு ஆகிய மூன்றும் ஒரே நிறுவனத்தைச் சார்ந்தவை. தேயிலை விலை வீழ்ந்தால் மூன்றும் ஒருங்கே ஆட்டம் காணும். சேமிப்பை ஒரே இடத்தில் குவிக்கலாகாது என்னும் விதி இங்குத் தெளிவாகிறது. பங்குச் சந்தையில் பட்டியலிடப்படாத பங்குகளை வேண்டியபோது விற்பதும் கடினம்.

2015ஆம் ஆண்டு செப்டம்பரில், 20 விழுக்காடு போனஸ் கோரிப் பெண் தொழிலாளர்கள் போராடினர். லாபக் குறைவைக் காரணம் காட்டி நிறுவனம் 10 விழுக்காடு அறிவித்திருந்தது. முடிவில், போனசும் கருணைத் தொகையும் சேர்த்து 20 விழுக்காடு தர உடன்பாடு ஏற்பட்டது. பங்கு வைத்திருத்தல் வேறு, நிர்வாகத்தில் குரல் பெறுதல் வேறு என்பதை இந்நிகழ்ச்சி உணர்த்திற்று. 2020 ஆகஸ்டில் பெட்டிமுடியில் பெருமழையால் மலை சரிந்து தொழிலாளர் குடியிருப்புகள் புதையுண்டன. 70 உயிர்கள் பறிபோயின. மலைச்சரிவில் அமைந்த குடியிருப்பின் பாதுகாப்பும் முதலீட்டுக் கணக்கில் சேர வேண்டியதே.

பிளாச்சிமடை: ஏட்டில் ஏறாத செலவு

பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கில், மழை குறைந்த சிற்றூர் வட்டத்தில், பெருமாட்டி ஊராட்சியைச் சேர்ந்தது பிளாச்சிமடை. அங்கு 2000ஆம் ஆண்டு கோகோ கோலா ஆலை தொடங்கப்பட்டது. நிலத்தடி நீர் குறைந்து கிணற்று நீர் கெட்டதெனப் பழங்குடி மக்கள் 2002 முதல் போராடினர், மயிலம்மா முன்னின்றார். 2003இல் ஊராட்சி உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்தது. 2004இல் ஆலை நின்றது. மாநில அரசு அமைத்த உயர்நிலைக் குழு 2010இல் இழப்பைச் சுமார் 216 கோடி ரூபாய் என மதிப்பிட்டது.

ஆலையின் வரவு செலவுக் கணக்கில் கிணறுகளுக்கு இடமில்லை. ஆனால் அச்செலவு மறையவில்லை. நெடுந்தொலைவு சென்று குடிநீர் சுமந்த பெண்களின் தோளில் ஏறியது. இறுதியில் முதலிட்டவரும் ஆலையை இழந்தனர்.

அமைதிப் பள்ளத்தாக்கும் இடுக்கியும்

இடுக்கி நீர்மின் திட்டம் 1976இல் தொடங்கிவைக்கப்பட்டது. அதன் முழுத்திறன் 780 மெகாவாட். அது மாநிலத்தின் மின் தேவைக்குப் பெருந்துணை. பாலக்காட்டின் குந்திப்புழையில் அணை கட்டும் திட்டமோ, மழைக்காட்டையும் சோலைமந்திகளையும் காக்கும் பொருட்டு 1983இல் கைவிடப்பட்டது. அப்பள்ளத்தாக்கு 1984இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. அணையை மீண்டும் கட்டலாம். அழிந்த மழைக்காட்டைப் பணத்தால் மீட்க இயலாது. மீட்க முடியாத இழப்பு உண்டா என்பதே இங்கு முடிவைத் தீர்மானிக்க வேண்டிய வினா.

இன்றைய அளவுகோல்கள்

சுற்றுச்சூழல், சமுதாயம், நிர்வாகம் ஆகிய மூன்றும் நீடித்த முதலீட்டின் அளவுகோல்கள். மேலே கண்ட பிளாச்சிமடை முதலாவதையும், பெட்டிமுடி இரண்டாவதையும், 2015ஆம் ஆண்டுப் போராட்டம் மூன்றாவதையும் சுட்டுகின்றன. சந்தை மதிப்பில் முதல் 1,000 பட்டியலிட்ட நிறுவனங்கள் இவை குறித்து அறிக்கை தருவதை 2022-23 முதல் செபி கட்டாயமாக்கியது. மத்திய அரசு 2023 ஜனவரி, பிப்ரவரி மாதங்களில் 16,000 கோடி ரூபாய்க்குப் பசுமைக் கடன் பத்திரங்களை வெளியிட்டது. இவற்றுக்கான நெறிமுறை, 25 மெகாவாட்டுக்கு மேற்பட்ட நீர்மின் நிலையங்களை விலக்கியது நோக்கத்தக்கது.

'பசுமை' என்னும் பெயர் மட்டும் போதிய சான்றாகாது. பணம் எதற்குச் செலவாகிறது, நீர் எங்கிருந்து வருகிறது, கழிவு எங்குச் செல்கிறது, தொழிலாளி எங்கு வாழ்கிறார் ஆகியவற்றை முதலிடுபவர் கேட்டறிய வேண்டும். திட்டங்களுக்கு ஒப்புதல் தரும் அலுவலர், வட்டி விகிதத்தோடு கிணற்றின் நீர்மட்டத்தையும் கோப்பில் பதிவு செய்வாராயின், பின்னர் இழப்பை மதிப்பிடக் குழு அமைக்கும் தேவை பெரிதும் குறையும்.