ஆற்றுப் பூச்சியும் டிரவுட் மீனும்

பாலாற்றங்கரையிலுள்ள மாதனூரில், மழை ஓய்ந்த மாலையில் புற்றினின்று ஈசல் புறப்படுதலைக் காணாத சிறுவர் இலர். அது மண்ணினின்று எழும் பூச்சி. நீரினின்று அவ்வாறே திரளாக எழும் பூச்சியும் உண்டு. அதனை ஆங்கிலேயர் ‘மே ஈ’ என்பர்.

இதன் வாழ்நாளிற் பெரும்பகுதி நீருக்குள்ளேயே கழிகின்றது. இளம்பூச்சி, கற்களின் அடிப்புறத்தைப் பற்றிக்கொண்டு, வயிற்றின் இருமருங்கும் அமைந்த செவுள்களால் மூச்சுவிடும். பாசியை மேய்ந்து பல திங்கள் வளர்ந்தபின் ஒருநாள் நீர்மட்டத்திற்கு வந்து, தோலுரித்துச் சிறகு பெறும். சிறகு முளைத்த பின்னரும் மீண்டும் ஒருமுறை தோலுரிப்பது பூச்சிகளுள் இவ்வினத்திற்கே உரிய வியப்பாகும். முதிர்ந்த பூச்சி உணவு கொள்வதில்லை. சில மணி நேரமோ, ஓரிரு நாளோ வாழ்ந்து முட்டையிட்டு மடியும்.

இவை மேலெழும் வேளை டிரவுட் மீனுக்கு விருந்து. குளிர்ந்து தெளிந்த நீரில் வாழும் இம்மீன் நம் நாட்டிற்கு உரியதன்று. 1863-இல் பிரான்சிஸ் டே என்பார் இதனை நீலகிரிக்குக் கொணர முயன்றார், கைகூடவில்லை. 1907-இல் எச். சி. வில்சன் அவலாஞ்சியில் மீன்குஞ்சு பொரிப்பகம் அமைத்தார். அதன் பின்னரே அம்மலையோடைகளில் இம்மீன் நிலைபெற்றது.

இதனைப் பிடிப்போருள் பலர் மண்புழுவை நாடார். தூண்டில் முள்ளில் இறகையும் நூலையும் சுற்றிப் பொய்ப்பூச்சி செய்வர். அன்று எழும் பூச்சியின் நிறமும் அளவும் அதற்கு இருத்தல் வேண்டும். குளிர்நாடுகளில் கோடை மாலையில் எழும் பூச்சிகள், கூதிர்க்காலத்தில் நண்பகலின் இளவெப்பத்தை நோக்கி எழும். தூண்டிற்காரரும் அப்பொழுதுக்கே காத்திருப்பர். நீலகிரியிலோ கூதிர் என்பது வடகிழக்குப் பருவமழைக் காலம். ஓடை கலங்கி ஓடினால் மேலே மிதக்கும் பூச்சி மீனின் கண்ணுக்குப் புலப்படாது. நம் காட்டுக்கோழியின் கழுத்திறகு இப்பொய்ப்பூச்சிக்கென ஒருகாலத்திற் கடல் கடந்து சென்றதுண்டு. அஃது அப்பறவைக்கு நற்பேறன்று.

பாலாற்று நீரின் வெம்மை டிரவுட் மீனுக்கு ஒவ்வாது. ஆயினும் மே ஈயின் இனங்கள் வெப்பநாட்டு ஆறுகளிலும் வாழ்வனவே. கொசுவின் கூத்தாடிப் புழு, வாலருகேயுள்ள குழாயை நீர்மேல் நீட்டிக் காற்றை இழுக்கும். ஆதலின் சாக்கடையிலும் பிழைக்கும். மே ஈயின் இளம்பூச்சியோ நீரிற் கரைந்துள்ள உயிர்வளியையே நம்பியிருப்பது. அழுகும் கழிவு அவ்வுயிர்வளியைக் குடித்துவிடும்.

இப்பகுதித் தோல் தொழிற்சாலைகளின் கழிவால் ஆறும் நிலமும் கெட்டன என்று வேலூர் குடிமக்கள் நலப் பேரவை வழக்குத் தொடுத்தது. அத்தொழில் பலர்க்கு வேலையும் நாட்டிற்கு அந்நியச் செலாவணியும் தருவதை உச்ச நீதிமன்றம் மறுக்கவில்லை. எனினும், மாசு செய்தோரே அதனை நீக்கும் செலவை ஏற்கவேண்டும் என 1996 ஆகஸ்டு 28-இல் தீர்ப்பளித்தது.

ஆண்டிற் பெரும்பகுதி மணலாய்க் கிடக்கும் பாலாறு 2021 நவம்பரில் பெருவெள்ளமாய் ஓடியது. மாணவர்களே, இனி மழை பெய்து, வெள்ளம் தணிந்து, கணுக்காலளவு நீர் ஓடுங்கால், பெரியோர் துணையுடன் சென்று ஒரு கல்லைப் புரட்டிப் பாருங்கள். வால்போன்ற மூன்று இழைகளும் பக்கச் செவுள்களும் உடைய சிறுபூச்சி ஒட்டியிருப்பின், அவ்விடத்து நீரில் உயிர்வளி உண்டு. செந்நிறப் புழுக்கள் மட்டுமே நெளியுமாயின், நாளையும் இடத்தையும் அருகே குறித்து, அதனையும் ஏட்டில் எழுதிவையுங்கள்.