பழைய பால் குளிர்விப்பு யந்திரத்துக்கு மாற்று வாயுவைத் தேர்ந்தெடுத்தல்

கிராமப் பால் உற்பத்தியாளர் கூட்டுறவுச் சங்கங்கள் பலவற்றில் தொகுப்புப் பால் குளிர்விப்புத் தொட்டிகள் அமைந்து ஆண்டுகள் பல கடந்துவிட்டன. கறந்த பால் ஏறக்குறைய 35 டிகிரி சென்டிகிரேடு சூட்டில் தொட்டியில் சேருகிறது. மூன்று மணி நேரத்துக்குள் அதனை 4 டிகிரிக்கு இறக்கிவிட்டால், லாரி வரும் வரையில் பால் கெடாது நிற்கும். யந்திரம் தளர்ந்தால் ஊரார் அனைவரும் ஊற்றிய பால் ஒரே இரவில் புளித்துப்போம். அவ்வேளையில், "கேஸ் தீர்ந்துவிட்டது, பழைய கேஸ் விலை அதிகம், மலிவான வேறொன்றைப் போட்டுவிடலாம்" என்று யாரேனும் கூறினால், நிர்வாகிகள் உடனே இசைந்துவிடுவதுண்டு. அவ்வாறு இசையுமுன் அறியவேண்டியவை கீழே கூறப்படுகின்றன.

வாயு தானாகத் தீர்வதில்லை

மண்பானையில் வைத்த நீர் குளிர்வதைக் குடியானவர் யாவரும் அறிவர். பானையின் புறத்தே கசியும் நீர் ஆவியாகும்போது உள்ளிருக்கும் நீரின் சூட்டைக் கவர்ந்து செல்கிறது. குளிர்விப்பு யந்திரத்தின் தத்துவமும் இதுவே. தொட்டியின் அடியிலுள்ள குழாய்களில் குளிர்வாயு திரவமாய்ப் புகுந்து, பாலின் சூட்டினால் கொதித்து ஆவியாகிறது. அவ்வாவியைக் கம்ப்ரசர் இழுத்து அழுத்த, வெளியிலுள்ள கண்டென்சரில் அது சூட்டை விட்டு மீண்டும் திரவமாகிறது. பானை நீர் காற்றோடு போய்விடும். யந்திரத்து வாயுவோ மூடிய குழாய்களுக்குள்ளேயே சுற்றி வருவது. விளக்கில் எரியும் எண்ணெயைப் போல அது செலவாவதில்லை. ஆதலின் வாயு குறைந்திருந்தால் எங்கேயோ கசிவு உண்டென்பது நிச்சயம். கசிவை அடைக்காமல் எவ்வாயுவை நிரப்பினும் அது ஓட்டைக் குடத்தில் நீர் வார்த்ததாகவே முடியும்.

அன்றியும், குளிர் குறைவதெல்லாம் வாயுக் குறைவினாலன்று. கண்டென்சர் தகடுகளில் தூசியும் வைக்கோல் துகளும் அடைத்தாலும், விசிறி நின்றாலும், மின்சார அழுத்தம் தாழ்ந்தாலும் இதே குறை தோன்றும். இவற்றை முதலில் பார்த்தல் வேண்டும்.

பழைய வாயு அருகி வருவதன் காரணம்

பழைய தொட்டிகளில் பெரும்பாலும் உள்ளது ஆர்-22 என்னும் வாயு. யந்திரத்தில் பதித்துள்ள தகட்டில் வாயுவின் பெயரும் எடையும் குறிக்கப்பட்டிருக்கும். சூரியனுடைய தீய கதிர்களைத் தடுக்கும் ஓசோன் படலத்தை இவ்வாயுவிலுள்ள குளோரின் கெடுக்கின்றது. ஆகையால் 1987-ம் வருஷத்து மாண்ட்ரியல் உடன்படிக்கையின் பிற்காலத் திருத்தங்களின்படி இவ்வகை வாயுக்கள் படிப்படியாகக் குறைக்கப்படுகின்றன. வளரும் நாடுகளுக்கு 2009, 2010 வருஷங்களின் சராசரியிலிருந்து 2015-ல் நூற்றுக்கு 10, 2020-ல் 35, 2025-ல் 67.5 வீதம் குறைத்து, 2030-ல் பழுது பார்ப்பதற்கான சிறு அளவு நீங்கலாக முற்றும் நிறுத்தவேண்டுமென விதிக்கப்பட்டது. இதற்கு முன்னிருந்த ஆர்-12 முதலிய வாயுக்களின் உற்பத்தியை இந்தியா 2008 ஆகஸ்டு முதல் தேதியில் நிறுத்தியது.

இவ்விதி, உள்ள யந்திரத்தை ஓட்டலாகாதென்ற தடையன்று. புது வாயு அருகும், விலை ஏறும் என்பதே இதன் பொருள்.

தேர்வுக்குரிய மூன்று கேள்விகள்

1. அழுத்தம் ஒத்ததா? பழைய குழாய்களும் கம்ப்ரசரும் ஆர்-22 வாயுவின் அழுத்தத்துக்கென ஆக்கப்பட்டவை. ஆர்-404ஏ வாயுவின் அழுத்தம் அதனிலும் அதிகம். அது பூமியின் வெப்பத்தைக் கூட்டுவதிலும் மிகப் பொல்லாதது. ஆர்-134ஏ வாயுவின் அழுத்தமோ குறைவு. அதனைப் போட்டால் யந்திரம் ஓயாது ஓடியும் பால் உரிய நேரத்தில் குளிராது.

2. எண்ணெய் ஒத்ததா? கம்ப்ரசரிலுள்ள கனிம எண்ணெய் ஆர்-22 வாயுவோடு கலந்து சுற்றித் திரும்பி வருகிறது. ஆர்-407சி போன்ற குளோரின் இல்லாத வாயுக்களோடு அது கலவாது. எண்ணெய் குழாய்களில் தங்கிவிட, கம்ப்ரசர் வறண்டு தேய்ந்து போகும். அவற்றுக்குப் பாலியோல் எஸ்டர் எண்ணெய் வேண்டும்.

3. தீப்பற்றுமா? ஆர்-290 என்பது புரோப்பேன். சமையல் வாயுவின் இனத்தது. குளிர்விக்கும் திறன் நன்று. உலக வெப்பத்தைக் கூட்டுவதும் மிகச் சொற்பம். அதற்கென்றே செய்த புது யந்திரங்களில் அது தக்கது. ஆனால் காற்றில் நூற்றுக்கு இரண்டு பங்குக்குச் சற்று மேல் கலந்தாலே ஒரு பொறியில் பற்றிக்கொள்ளும். பழைய யந்திரத்தின் சுவிட்சுகள் பொறி எழுப்புபவை. ஆகையால் ஆர்-22 யந்திரத்தில் இதனை ஒருபோதும் நிரப்பலாகாது. மலிவென்று சொல்லப்படும் மாற்று பெரும்பாலும் இவ்வினத்ததே. அம்மோனியாவும் இவ்யந்திரங்களுக்கு ஆகாது. அது செப்புக் குழாய்களை அரித்துவிடும்.

இம்மூன்றையும் கருதினால் எஞ்சுபவற்றுள் இரண்டு இங்கே கூறப்படுகின்றன. ஆர்-407சி அழுத்தத்தில் ஆர்-22 வாயுவுக்கு நெருங்கியது; எண்ணெயை மாற்றுதல் அவசியம். ஆர்-438ஏ பழைய எண்ணெயோடும் பெரும்பாலும் ஓடும். திறன் சற்றுக் குறையும். இரண்டும் ஓசோனைக் கெடாவிடினும் பூமி வெப்பத்தைக் கூட்டுபவை. ஆகவே யந்திரத்தின் எஞ்சிய ஆயுளுக்கு மாத்திரம் ஏற்றவையென்று கொள்க.

மாற்றும் முறை

மாற்றுமுன் இரு பக்கத்து அழுத்தங்களையும், பால் 4 டிகிரிக்கு வர ஆகும் நேரத்தையும் எழுதிவைத்தல் வேண்டும். பின்னர் ஒப்பிட அது உதவும். பழைய வாயுவைக் காற்றில் விடாமல் தகுந்த சிலிண்டரில் மீட்டுச் சேகரிக்க வேண்டும். ஆர்-407சி வாயுவுக்கு மாற்றினால், பழைய எண்ணெய் நூற்றுக்கு ஐந்து பங்குக்குக் குறையும் வரை இரண்டு மூன்று முறை வடித்து மாற்றுக. உலர்த்தும் வடிகட்டியையும் ரப்பர் வளையங்களையும் புதுப்பிக்க வேண்டும். ஆர்-22 நீங்கியபின் பழைய வளையங்கள் சுருங்கிக் கசிவதுண்டு. கசிவைச் சோதிக்க உலர்ந்த நைட்ரஜனையும் சோப்பு நுரையையும் கையாளுக. ஆக்சிஜனைச் செலுத்தினால் எண்ணெயோடு சேர்ந்து வெடிக்கும். இது உயிருக்கு அபாயம். பின்பு பம்பினால் குழாய்களிலுள்ள காற்றையும் ஈரத்தையும் நன்கு வெளியேற்ற வேண்டும்.

மேற்கூறிய இரண்டும் கலவை வாயுக்களாதலால் சிலிண்டரிலிருந்து திரவமாகவே, எடை பார்த்து எடுத்தல் வேண்டும். ஆவியாய் எடுத்தால் கலவையின் விகிதம் மாறிவிடும். கசிவு மிகுந்த யந்திரத்தில் மேலே மேலே நிரப்பிக்கொண்டு போவதும் இக்காரணத்தால் தகாது. வேலை முடிந்ததும் புது வாயுவின் பெயர், எடை, எண்ணெய், தேதி ஆகியவற்றை எழுதி யந்திரத்தில் ஒட்டுக. அடுத்து வரும் மெக்கானிக் அறியாமல் வேறு வாயுவைக் கலந்துவிடாதிருக்க இதுவே காப்பு.

பெயரறியாத சிலிண்டரை வாங்கலாகாது. 2011-ம் வருஷத்தில் கப்பல் குளிர்ப்பெட்டிகளில் மெதில் குளோரைடு கலந்த போலி வாயு நிரப்பப்பட்டு, அது அலுமினியத்தோடு கூடி வெடித்ததில் மூவர் மாண்டனர்.

எது தக்கது?

ஒரு சங்கத்தின் தொட்டி பழையது, கம்ப்ரசர் நன்றாயிருக்கிறது, குழாய் இணைப்பொன்றில் மட்டும் கசிவு என்று வைத்துக்கொள்வோம். இணைப்பைப் பற்றவைத்து அதே ஆர்-22 வாயுவை நிரப்புவதே சிக்கனம். கம்ப்ரசர் எரிந்து, தொட்டி நல்ல நிலையிலிருப்பின், புதுக் கம்ப்ரசரை உரிய எண்ணெயோடு பொருத்தி ஆர்-407சி வாயுவுக்கு மாற்றுதல் பொருந்தும். குழாய்களும் அரித்துக் கம்ப்ரசரும் தேய்ந்திருப்பின், மாற்று வாயுவுக்குப் பணம் செலவிடாமல் புது யந்திரத்துக்கு நிதி சேர்த்தலே நன்று.

வாயுவின் விலை ஒரு நாளைய செலவு. கெட்ட கம்ப்ரசரும் புளித்த பாலும் ஊர் முழுவதற்கும் நஷ்டம். ஆகவே நிர்வாகிகள் எவ்வாயு மலிவென்று கேட்குமுன், வாயு எவ்வழியே போயிற்றென்று கேட்பார்களாக.