ஒரே டி.என்.ஏ., முடியா தோலா?

கேள்வி: தோலின் ஸ்டெம் செல்கள் எல்லாவற்றிலும் ஒரே டி.என்.ஏ.தானே? சில முடியாகவும் சில தோலாகவும் மாறுவது எப்படி?

டி.என்.ஏ. ஒன்றுதான். எந்த மரபணு படியெடுக்கப்படுகிறது என்பதில் வேறுபாடு தொடங்குகிறது. ஆனால் அங்கேயே முடிவதில்லை. படியெடுத்த ஆர்.என்.ஏ. மீதும் செல் மெத்தில் என்ற சிறு வேதிக்குறியை இடுகிறது. அந்தப் படி எவ்வளவு காலம் நிலைக்கும், எவ்வளவு புரதம் தரும் என்பதெல்லாம் அதனால் மாறும்.

நியூயார்க் ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் எலைன் ஃபியூக்ஸ் குழுவினர் சுண்டெலிக் கருவின் மேல்தோலில், இந்தக் குறியிடும் ‘மெட்டில்3’ நொதியை நீக்கிப் பார்த்தார்கள். 2020-ல் வெளியான முடிவு அருமையானது: பாதிப்பு எங்கும் ஒரே அளவில் இல்லை. முடி உருவாவதும் நாக்கின் சொரசொரப்பான சிறு முளைகளும்தான் பெரிதும் குலைந்தன.

வேறொரு குறியிடும் நொதியான ‘என்சன்2’ இல்லாத எலிகளில், முடியின் ஸ்டெம் செல்கள் முதிர்ச்சியடையத் தாமதித்தன. இது 2011-லேயே தெரிந்தது.

இவை எலிகளில் கண்டவை. முடி வளர்க்கும் சீரம் வாங்க இவற்றைச் சான்றாகக் கொள்ள வேண்டாம்.