நீலம் ஏறிய கத்தி

மாணவர்களே, குளுவாங் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பால்மரம் சீவும் ஒருவர், தீட்டுக்கல்லில் தேய்க்க நேரமில்லாமல் கத்தியை மின்சாரச் சாணைச் சக்கரத்தில் அழுத்திப் பிடிக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். பொறி பறக்கிறது. விளிம்பு நீலமாகிறது. கத்தி கூராகத்தான் இருக்கிறது, ஆனால் சீக்கிரமே மழுங்கிவிடுகிறது. மழுங்கிய கத்தியை அழுத்தினால் பட்டைக்குள் இருக்கும் வளர்திசு காயப்படும். அந்த இடத்தில் பட்டை புடைத்து, மறுபடி சீவ முடியாமல் போகும். நட்டம் மரத்துக்கும்தான்.

நீலத்தை உரசி அழித்துவிடலாம். போன கடினத்தன்மை மட்டும் திரும்பாது. ஏன்?

நான்காம் படிவ வேதியியலில் எஃகு, இரும்பும் கரிமமும் சேர்ந்த உலோகக் கலவை என்று படித்திருப்பீர்கள். சுமார் 0.8 விழுக்காடு கரிமமுள்ள எஃகை எடுத்துக்கொள்வோம். சாதாரண நிலையில் அது பியர்லைட்: மென்மையான இரும்பும் கடினமான இரும்புக் கார்பைடும் மெல்லிய அடுக்குகளாக மாறி மாறி இருக்கும். 727 பாகை செல்சியசைத் தாண்டினால் இரும்பு அணுக்களின் அடுக்கு முறையே மாறும். கரிமம் முழுவதும் அந்த அடுக்குக்குள் கரைந்துவிடும். இதற்கு ஆஸ்டினைட் என்று பெயர்.

இப்போது சட்டென்று நீரிலோ எண்ணெயிலோ தோய்த்தால் (கொல்லர்கள் சொல்லும் துவைச்சல் இதுதான்) கரிமம் வெளியேற நேரமில்லை. இரும்பு பழைய அடுக்குக்குத் திரும்பப் பார்க்கிறது. உள்ளே சிக்கிய கரிமம் அதை இழுத்துப் பிடிக்கிறது. இப்படி விறைத்துப் போன அமைப்பே மார்ட்டென்சைட். கடினத்தன்மை ராக்வெல் சி அளவில் 65 வரை போகும். வைர முனையை எஃகில் அழுத்தி, எவ்வளவு ஆழம் இறங்குகிறது என்று பார்க்கும் அளவு இது.

ஆனால் அப்படியே விட்டால் கீழே விழுந்தாலே கத்தி கண்ணாடிபோல உடையலாம். ஆகவே 200 பாகை அளவில் மீண்டும் சூடாக்குவார்கள். கொஞ்சம் கரிமம் நுண்ணிய கார்பைடாகப் பிரியும்; கடினம் 60 அளவுக்குக் குறையும், உறுதி கூடும்.

சாணைச் சக்கரம் செய்ததும் இதே வேலைதான், அளவுக்கு மீறி. மேற்பரப்பில் படியும் ஆக்சைடு படலம் தடிக்கத் தடிக்க நிறம் மாறும்: வைக்கோல் மஞ்சள் சுமார் 220 பாகை, பழுப்பு, ஊதா, பிறகு 300-ஐ ஒட்டி நீலம். அதற்குள் கரிமம் மேலும் பிரிந்து, விளிம்பு மென்மையாகியிருக்கும். மறுபடி சிவக்கக் காய்ச்சித் தோய்த்தால்தான் பழைய நிலை.

பட்டறையில் துளையிடும் அலகு நீலமானால் மட்டும் உடனே தூக்கி எறியாதீர்கள். டங்ஸ்டன் அல்லது மாலிப்டினம் கலந்த அதிவேக எஃகு என்றால், 500 பாகைச் சூட்டிலும் அதன் கடினம் தாக்குப்பிடிக்கும்.