கொக்கிப் புழுவும் ஒரு மாத்திரையும்

2015 முதல் நம் நாட்டில் பிப்ரவரி 10 குடற்புழு நீக்க நாள். அன்று பள்ளியில் தரும் அல்பெண்டசோல் மாத்திரை எதற்கென அறிவோமா?

திறந்தவெளியில் கழிக்கும் மலத்தோடு கொக்கிப் புழுவின் முட்டைகள் மண்ணில் சேர்கின்றன. ஈர மண்ணில் வளரும் இளம்புழு, வெறுங்காலின் தோலைத் துளைத்து உடலுள் நுழைகிறது; நுரையீரல் வழியாகக் குடலை அடைந்து, அங்கே கவ்விக்கொண்டு இரத்தத்தை உறிஞ்சுகிறது. இதனால் சோகை, களைப்பு, படிப்பில் மந்தம். இரும்புச்சத்து அதிகம் தேவைப்படும் வளரும் பெண்களுக்கு இது பெருங்கேடு.

400 மில்லிகிராம் மாத்திரை, புழுவைச் சர்க்கரைச் சத்தை உட்கொள்ள விடாது; புழு பட்டினியால் மடியும்.

ஆனால் பெரியவர்கள் குடலிலும் இப்புழு உண்டு. ஆகவே நம் மாவட்டத்து ஜவ்வாது மலையில் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியினர் நடத்திய ஆய்வில், சில பகுதிகளில் பெரியோர், சிறியோர் அனைவருக்கும் ஆண்டுக்கு 2 முறை, 3 ஆண்டுகள் மாத்திரை தந்தனர்.

மாத்திரை இன்றுள்ள புழுவைக் கொல்லும். நாளை நுழையும் புழுவைத் தடுக்காது. அதைத் தடுப்பவை காலில் செருப்பும், வீட்டில் கழிப்பறையுமே. மாத்திரையை நாம் உண்போம். மற்றவற்றை வீட்டாருக்கு எடுத்துரைப்போம்!