களிமண்ணும் குருந்தமும்

மேட்டூர் அணை திறக்கப்பெற்று, ஆடித் திங்களில் புதுவெள்ளம் திருவையாற்றுப் படித்துறைகளைத் தழுவும்போது, காவிரி செந்நிறம் பூண்டு கலங்கி ஓடும். குழாய் நீர் வருவதற்கு முன்னர், கரையோரத்து ஊர்களில் வாழ்ந்த பெண்மக்கள் அந்நீரைக் குடத்தில் முகந்து வைத்து, ஒரு படிகாரக் கட்டியை அதில் சிலமுறை சுழற்றி எடுப்பார்கள். சற்று நேரம் சென்றால், மெல்லிய பஞ்சு போன்ற வெண்பொருள் ஒன்று நீரில் தோன்றும். அது மண்துகள்களைப் பற்றிக்கொண்டு மெல்ல மெல்ல அடியில் படியும். மேலே தெளிந்த நீர் நிற்கும்.

அவ்வெண்பொருள் யாது? அதன் பெயர் அலுமினியம் ஐதராக்சைடு. அதனைத் தனியே பிரித்து மிகுந்த வெப்பத்தில் சுட்டால், அதிலுள்ள நீர் முற்றும் நீங்கி, மாவு போன்ற வெண்பொடி எஞ்சும். அதுவே அலுமினா. அலுமினியம் என்னும் உலோகமும் பிராணவாயுவும் கூடிய கூட்டுப்பொருள் அது. இலத்தீன் மொழியில் படிகாரத்திற்கு 'அலுமென்' என்று பெயர். அலுமினா, அலுமினியம் என்னும் இரு பெயர்களும் அதிலிருந்து பிறந்தவையே.

வியப்பு இதனோடு முடியவில்லை. குடத்தின் அடியில் படிந்ததே காவிரி வண்டல், அதிலும் அலுமினா உண்டு. நிலத்தின் மேலோட்டில் எடையளவில் நூற்றுக்கு 8 பங்கு அலுமினியம் ஆகும். உலோகங்களுள் இதைவிட மிகுதியாக அங்குக் கிடைப்பது வேறில்லை. தஞ்சை வயல்களின் களிமண்ணில் நாம் கால் புதைய நடக்கும்போதெல்லாம் அலுமினாவின் மேல்தான் நடக்கிறோம். ஆயினும், அந்த மண்ணிலிருந்து ஒரு பிடி தூய அலுமினாவை எடுக்க முயன்றால் முடிவதில்லை. அங்கே அது மணற்சத்தாகிய சிலிக்காவுடன் பிரிக்கவொண்ணாதபடி பிணைந்து கிடக்கிறது. தூய வெண்களிமண்ணில் நூற்றுக்கு 39 பங்கு அலுமினா இருந்தும், அதைப் பிரிக்க ஆகும் செலவு பொருளின் விலையை விஞ்சிவிடும். எளிதில் கிடைப்பது வேறு. எளிதில் எடுக்கக்கூடியது வேறு.

இயற்கை சில இடங்களில் இப்பிரிவினையைத் தானே செய்து வைத்திருக்கிறது. அத்தகைய பொருள்களுள் ஒன்று குருந்தம். தூய அலுமினா நிலத்தின் ஆழத்தில் வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் படிகமாக இறுகியதே குருந்தக்கல். கடினத்தில் வைரத்திற்கு அடுத்த நிலையில் வைத்து எண்ணத்தக்கது. கனிமங்களின் கடினத்தை அளக்கும் மோவின் அளவுகோலில் வைரம் 10, குருந்தம் 9. நாமக்கல்லை அடுத்த சித்தம்பூண்டிப் பகுதியின் பாறைகளில் இக்கல் காணப்படுகிறது. இதைப் பொடித்து அரக்குடன் சேர்த்துச் சாணைக்கல் செய்து, மணிகளைத் தேய்த்துப் பளபளப்பாக்கும் தொழிலை நம் நாட்டுக் கைவினைஞர் நெடுங்காலமாக அறிந்திருந்தனர்.

ஆங்கிலத்தில் இக்கல்லைக் 'கொரண்டம்' என்பர். அது நம் 'குருந்தம்' என்னும் சொல்லே. 1798ஆம் ஆண்டில் சார்லஸ் கிரெவில் என்பவர் ஆசியாவிலிருந்து வந்த குருந்தக் கல்லைப் பற்றி இலண்டன் அரச கழகத்தின் ஏட்டில் ஒரு கட்டுரை எழுதினார். 1802இல் பூர்னோன் என்னும் பிரெஞ்சு அறிஞர் அக்கல்லின் வகைகளை விரிவாக ஆராய்ந்தார். செம்மணியாகிய மாணிக்கமும் நீலமணியும் குருந்தமும் ஒரே பொருளின் வேறுபாடுகள் என்பது அக்காலத்தில் தெளிவாயிற்று. சிறிதளவு குரோமியம் கலந்தால் சிவப்பு. இரும்பும் டைட்டானியமும் கலந்தால் நீலம். ஏனைய அனைத்தும் அலுமினாவே. நம் சொல் உலகமெங்கும் பரவியது. ஆனால் அக்கல்லின் இயல்பை ஆராய்ந்து நூல் வடித்தவர் நம் கைவினைஞர் அல்லர். அவர்கள் கையளவில் அறிந்ததை ஏட்டில் எழுதுவார் இலர்.

மற்றொன்று பாக்சைட்டு. மழை மிகுந்த மலையுச்சிகளில், பல்லாயிரம் ஆண்டுகளாகப் பெய்த மழைநீர் பாறையிலுள்ள சிலிக்காவைச் சிறிது சிறிதாகக் கரைத்துக்கொண்டு போய்விட, அலுமினாவும் இரும்புச் சத்தும் உச்சியிலேயே தங்கிச் செந்நிறக் கல்லாகிவிடுகின்றன. சேலத்துச் சேர்வராயன் மலையிலும், நாமக்கல் பக்கத்துக் கொல்லிமலையிலும் இது கிடைக்கிறது. சேர்வராயன் மலையில் தோன்றும் திருமணிமுத்தாறு காவிரியில்தான் வந்து கலக்கிறது. ஆகவே மலையுச்சியில் மழை விட்டுச் சென்றது பாக்சைட்டாயிற்று. மழை அரித்துக் கொண்டுவந்ததில் ஒரு பங்கு கழனி மண்ணாயிற்று என்னலாம்.

மலையில் தாதும், அணையில் நீரும் மின்சாரமும் அருகருகே அமைந்தமையால், மேட்டூரில் சென்னை அலுமினியக் கம்பெனியின் ஆலை எழுந்தது. 1965ஆம் ஆண்டில் உற்பத்தி தொடங்கியது. அங்கே நிகழ்ந்த தொழிலின் முதற்பாகம், 1880களின் இறுதியில் கார்ல் யோசப் பாயர் என்னும் ஆஸ்திரிய இரசாயன அறிஞர் கண்ட முறையாகும். துணிக்குச் சாயம் பிடிக்கச் செய்யும் அலுமினியப் பொருளைத் தேடியே அவர் ஆராய்ச்சி தொடங்கினார். பாக்சைட்டைப் பொடித்து, எரிசோடா நீரிலிட்டு, மூடிய கலங்களில் அழுத்தத்தோடு காய்ச்சினால், அலுமினா மட்டும் கரைந்துவிடும். இரும்புச் சத்தும் பிறவும் கரையாமல் செஞ்சேறாக நிற்கும். அதை வடித்து நீக்கி, தெளிந்த நீரை ஆறவைத்து, அதில் முன்பே செய்துவைத்த படிகத்தூளைச் சிறிது விதையாகத் தூவுவர். தயிருக்கு உறை ஊற்றுவது போன்றது இது. கரைந்திருந்த பொருள் அவ்விதைகளின்மேல் படிந்து வளர்ந்து வெண்படிகமாக இறங்கும். குடத்தில் படிகாரம் உண்டாக்கிய அதே அலுமினியம் ஐதராக்சைடுதான் இங்கும் இறங்குவது. இதனை 1,000 டிகிரி சென்டிகிரேடுக்கு மேல் வறுத்தால் அலுமினா கிடைக்கும். ஏறத்தாழ 4 டன் பாக்சைட்டிலிருந்து 2 டன் அலுமினாவும், அதிலிருந்து மின்சாரத்தால் 1 டன் அலுமினியமும் பெறுவர்.

வடித்து நீக்கிய செஞ்சேறு என்னாகிறது என்ற கேள்வி இங்கு எழவேண்டும். எரிசோடாவின் காரம் அதில் தங்கியிருப்பதால், வயலிலோ ஆற்றிலோ விடுதல் ஆகாது. கரைகட்டித் தேக்கி வைத்தே காக்கவேண்டும். 2010ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் ஹங்கேரி நாட்டில் அஜ்கா என்னுமிடத்தில் அத்தகைய தேக்கத்தின் கரை உடைந்து, செஞ்சேறு ஊர்களுக்குள் பாய்ந்தது. பத்துப் பேர் மாண்டனர். மேட்டூர் ஆலையில் அலுமினிய உற்பத்தி 2008இன் இறுதியில் நின்றுவிட்டது. ஆயினும், ஒரு காலத்தில் மலையிலிருந்து கொணர்ந்த மண்ணின் எச்சத்தைக் காத்தல், ஆலை நின்றதும் நின்றுவிடும் வேலையன்று.

இனி, அலுமினாவைப் பீங்கானாக்கும் தொழிலைக் காண்போம். நம் ஊர்க் குயவர் மண்ணைப் பிசைகிறார். அது அவர் விரலுக்கு இணங்குகிறது. களிமண்ணின் துகள்கள் ஏடுகள் போன்று தட்டையானவை; இடையிலுள்ள நீரில் வழுக்கி ஒன்றன்மேல் ஒன்று நகரும். அதனால்தான் வனையவும் முடிகிறது. வனைந்த உருவமும் நிலைக்கிறது. அலுமினாப் பொடிக்கு அக்குணம் இல்லை. நீரில் குழைத்தால் மணற்கூழ் போல உதிர்ந்துவிடும். ஆதலின் அதனை மிக நுண்ணியதாக அரைத்து, மெழுகு அல்லது பசை போன்ற பொருளைச் சிறிதளவு சேர்த்து, எஃகு அச்சில் வைத்துப் பேரழுத்தத்தால் அமுக்குவர். குழாயாக வேண்டின், இடியாப்பம் பிழிவது போலப் பிழிவர். வளைவுகள் மிகுந்த கலமாக வேண்டின், குழம்பாக்கி நீருறிஞ்சும் அச்சில் ஊற்றுவர்.

அடுத்தது சுடுதல். அலுமினா உருகுவதற்கு 2,050 டிகிரிக்கு மேல் வெப்பம் வேண்டும். அதை உருக்கி வார்ப்பது எளிதன்று, உருக்கவும் தேவையில்லை. ஏறத்தாழ 1,600 டிகிரியில் நெடுநேரம் வைத்திருந்தால், துகள்கள் உருகாமலே தொடுமிடங்களில் ஒன்றோடொன்று ஒட்டி வளர்கின்றன. இடையிலிருந்த வெற்றிடங்கள் சுருங்கி மறைகின்றன. பொருள் முழுவதும் சுருங்குகிறது. ஓரடி நீளமாகச் சூளையில் வைத்தது, ஏறத்தாழப் பத்து அங்குலமாக வெளிவரும். இச்சுருக்கத்தை முன்னரே கணக்கிட்டு அச்சைப் பெரிதாகச் செய்யவேண்டும். கணக்குத் தவறினால் திருத்துவது அரிது. சுட்டெடுத்த அலுமினாவை வெட்டவும் தேய்க்கவும் வைரம் பதித்த கருவிகளே வேண்டும். இத்தொழிலில் திறமை என்பது பெரிதும் சூளைக்கு முன்னரே முடிந்துவிடுவது.

சூளையில் வெற்றிடங்கள் சிறிதளவேனும் எஞ்சும். அவை ஒளியைச் சிதறடிப்பதால் அலுமினாப் பீங்கான் பால்போல் வெளுத்து, ஒளி ஊடுருவாததாய் இருந்தது. 1950களின் பிற்பகுதியில் அமெரிக்காவில் இராபர்ட் கோபிள் என்னும் ஆராய்ச்சியாளர் மிகச் சிறிதளவு மக்னீசியாவை அலுமினாவுடன் சேர்த்துச் சுட்டார். வெற்றிடங்கள் நீங்கின, ஒளி ஊடுருவும் அலுமினா பிறந்தது. நம் நகரத் தெருக்களில் பல ஆண்டுகள் பொன்னிறமாக எரிந்த சோடியம் விளக்குகளின் உள்ளே இருந்த சிறு குழாய் இதனால் ஆனதே. கொதிக்கும் சோடிய ஆவியைக் கண்ணாடி தாங்காது, அலுமினா தாங்கிற்று. இன்று அவ்விடங்களில் எல்.இ.டி. விளக்குகள் வந்துவிட்டன.

மின்சாரத்தைக் கடத்தாமை, வெப்பத்தைத் தாங்குதல், தேயாமை ஆகிய மூன்று குணங்களும் ஒருங்கே அமைந்த பொருள் அரிது. மோட்டார் வண்டியின் எஞ்சினில் தீப்பொறி எழுப்பும் பிளக்கில் வெள்ளையாகத் தெரிவது அலுமினாப் பீங்கான். அனல்மின் நிலையங்களில் நிலக்கரித் தூள் காற்றோடு விரையும் குழாய்களின் வளைவுகளை எஃகு மட்டும் காக்கமாட்டாது. தூள் உராய்ந்து துளைத்துவிடும். அவ்வளைவுகளின் உட்புறத்தில் அலுமினா ஓடுகளைப் பதிக்கிறார்கள். 1970ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டு மருத்துவர் பியேர் பூத்தேன், தேய்ந்துபோன இடுப்பு மூட்டுக்கு மாற்றாக அலுமினா மூட்டைப் பொருத்தினார். ஓசூரில் அலுமினாப் பீங்கான் செய்யும் ஆலை உண்டு. நுண்துளைகள் மிகுந்த வேறொரு வகை அலுமினா, குடிநீரிலுள்ள ஃபுளூரைடை ஈர்த்துக்கொள்ளும். பல்லையும் எலும்பையும் கெடுக்கும் ஃபுளூரைடு நிலத்தடி நீரில் மிகுந்த தருமபுரி போன்ற பகுதிகளுக்கு இச்செய்தி சிறிதன்று.

குறையும் உண்டு. அமுக்கினால் அலுமினா மலைபோல் தாங்கும். இழுத்தாலும் அடித்தாலும் உடையும். கண்ணுக்குத் தெரியாத ஒரு கீறல் போதும். அதன் வழியே பிளவு ஓடிவிடும். எஃகு வளைந்து முன்னறிவிப்புத் தரும், பீங்கான் தருவதில்லை.

இத்தனை ஆலைகளையும் கண்டபின், மீண்டும் தஞ்சை நாட்டு நெல்லுக்கே வருவோம். உமி நீங்கிய அரிசியின் மேல் ஒட்டியிருக்கும் தவிட்டை நீக்க, அரிசி ஆலைகளில் கூம்பு வடிவான அல்லது உருளை வடிவான ஒரு கல் சுழல்கிறது. எமரி என்பது அக்கல்லின் முக்கியமான சரக்கு; அது குருந்தமும் இரும்புத் தாதும் இயற்கையிலேயே கலந்த பொருள். கார்போரண்டத் தூளையும் இதனுடன் சேர்ப்பதுண்டு. கார்போரண்டம் என்பது சிலிக்கன் கார்பைடு. அதில் அலுமினா கிடையாது. 1891இல் அதைக் கண்ட அமெரிக்கராகிய ஆச்சிசன், கரியும் குருந்தமும் கலந்து அது உண்டானதென்று கருதி அப்பெயரிட்டார். ஆதலின் அப்பெயரின் பிற்பாதியிலும் நம் சொல் ஒளிந்திருக்கிறது. இத்தூள்களைப் பிணைக்கும் சாந்து மக்னீசியாவினால் ஆனது; சேலத்துக் குன்றுகளில் வெட்டியெடுக்கும் மாக்னசைட்டு என்னும் வெள்ளைக்கல்லைச் சுட்டால் அது கிடைக்கும்.

கல்லின் கூரிய மணிகள் அரிசியின்மேல் உரசித் தவிட்டைச் சுரண்டுகின்றன. அளவோடு உரசினால் அரிசி வெண்மை பெறும். அளவு மீறினால் தவிட்டோடு தயாமின் என்னும் உயிர்ச்சத்தும் போய்விடும். அச்சத்துக் குறைந்தால் பெரிபெரி என்னும் நோய் வரும். புழுங்கலரிசியில், வேகவைக்கும்போதே அச்சத்தில் ஒரு பகுதி உள்ளே ஊறிவிடுவதால், அது அவ்வளவாக இழப்பதில்லை. கல்லின் மணிகள் நாளடைவில் மழுங்கும். அப்போது ஆலைக்காரர் கல்லைக் கழற்றி, அதன் முகத்தைக் கொத்திக் கூர்மையாக்குவர். மிகவும் தேய்ந்ததாயின், எமரித் தூளையும் மக்னீசியாச் சாந்தையும் புதிதாகக் குழைத்துப் பூசி, நன்கு இறுகிய பின்னரே மீண்டும் தண்டில் ஏற்றுவர்.