வாசிக்கத் தொடங்குகிற பிள்ளைகளுக்கு

யாழ்ப்பாணத் தீவகத்துப் பிள்ளைகள் சிலர் சேர்ந்து ஒரு வாசிப்பு வட்டம் தொடங்கியிருக்கிறார்கள். ஊர்காவற்றுறையில் ஒருவர், நெடுந்தீவில் ஒருவர், நயினாதீவில் இரண்டு பேர், மிச்சப்பேர் பாரிசிலும் ரொறன்ரோவிலும். வாசித்ததைப் போனில் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்கிறார்கள். “சேர், எப்பிடி வாசிக்கிறது, எப்பிடிச் சொல்லுறது எண்டு ஒரு பத்துப் பொயின்ற் எழுதித் தாங்கோ” என்று கேட்டார்கள். வாத்தியார் வேலை பார்த்தவனிடம் பொயின்ற் கேட்டால் நிற்பாட்டுவது கஷ்டம். பத்து வரவில்லை, வந்ததைத் தருகிறேன்.

1. ஊரில் தொடங்குங்கள். எதை முதலில் வாசிப்பது என்று கேட்கிறவர்களிடம் நான் உலக இலக்கியப் பட்டியல் நீட்டுவதில்லை. நெடுந்தீவுப் பிள்ளை என்றால் செங்கை ஆழியானின் ‘வாடைக்காற்று’. 1973இல் வீரகேசரி பிரசுரமாக வந்த நாவல். வாடைக்காற்று வீசும் மாதங்களில் நெடுந்தீவுக் கரையில் வாடி போட்டுத் தொழில் செய்ய வருகிறவர்களின் கதை; 1978இல் படமாகவும் வந்தது. புங்குடுதீவுப் பிள்ளைக்கு மு. தளையசிங்கமும் சு. வில்வரத்தினமும் சொந்த வீட்டுக்காரர். வில்வரத்தினத்தின் ‘காற்றுவெளிக் கிராமம்’ 1995இல் வந்தது. சனம் இடம்பெயர்ந்து ஆளில்லாமல் போன ஊரைப் பற்றிய கவிதைகள். உங்கள் அம்மா அப்பா வாய்திறந்து சொல்லாததில் பாதி அதில் இருக்கிறது. அல்லைப்பிட்டிக்கு எழுத்தாளர் ஷோபாசக்தி இருக்கிறார்.

ஊர்ப்பற்றுக்காக இதைச் சொல்லவில்லை. தெரிந்த இடத்தைப் பற்றி ஒருவர் எழுதியிருந்தால், எதைக் கூட்டினார், எதை விட்டார், எதை வேண்டுமென்றே மாற்றினார் என்று உங்களால் பிடிக்க முடியும். கடற்கரையும் காற்றும் உங்களுக்குத் தெரியும். அவர் அதை என்ன செய்தார் என்று பார்க்கலாம். அந்தப் பிடி வந்தபிறகு ருஷ்யாவுக்கும் கொலம்பியாவுக்கும் போங்கள், ஒருவரும் உங்களை ஏமாற்ற முடியாது.

கல்வெட்டுகளையும் விடவேண்டாம். அந்தியேட்டிக்கு அடித்துக் கொடுத்த நினைவுப் புத்தகங்கள் எல்லா வீட்டு அலுமாரியிலும் கட்டாகக் கிடக்கும். தேவாரப் பக்கங்களைத் தாண்டிப் போய், செத்தவரின் வாழ்க்கைக் குறிப்பையும் வம்ச வரிசையையும் பாருங்கள். எப்போது மலாயாவுக்குப் போனார், கொழும்பில் எந்தத் தெருவில் கடை போட்டார், எந்தப் பள்ளிக்கூடத்துக்குக் காணி எழுதினார் என்றெல்லாம் இருக்கும். கொஞ்சம் புளுகும் இருக்கும். அதையும் கண்டுபிடித்து வாசிக்கப் பழகுவது நல்லது.

2. தமிழ் போதாது என்று பயப்படாதீர்கள். இது முக்கியமாக வெளிநாட்டில் இருக்கிறவர்களுக்கு. 1913இல் நம் தீவகத்துக் கரம்பொனில் பிறந்த தனிநாயகம் அடிகள் ஆங்கிலத்தில் படித்து, உரோமாபுரியில் குருப்பட்டம் பெற்றவர். தமிழை முறையாகப் படிக்க இறங்கியது முப்பது வயதை அண்டியபோதுதான், திருநெல்வேலிப் பக்கம் வடக்கன்குளத்தில் பள்ளிக்கூட வேலையில் இருந்த காலத்தில். பிறகு அண்ணாமலைப் பல்கலைக்கழகம். 1952இல் ‘தமிழ் கல்ச்சர்’ என்ற ஆங்கில இதழ். 1966இல் கோலாலம்பூரில் முதலாவது உலகத் தமிழாராய்ச்சி மாநாடு. அவரைப் பற்றிப் பேசுகிறவர்கள் மாநாட்டைத்தான் பேசுவார்கள். எனக்குப் பெரிதாகத் தெரிவது வேறு. வத்திக்கான் நூலகத்தில் கிடந்த தமிழ்–போர்த்துக்கேய அகராதி, 1679இல் அச்சானது, அவர் கையில் பட்டது. கண்டேன் என்று ஒரு கட்டுரை எழுதிவிட்டுப் பேசாமல் இருந்திருக்கலாம். 1966இல் அதை அப்படியே மறுபதிப்புச் செய்து எல்லோரும் பார்க்க வைத்தார்.

3. ஒரு கொப்பி வைத்திருங்கள். கதைச் சுருக்கம் எழுதுவதற்கு அல்ல. சுருக்கம் புத்தகத்தின் பின்னட்டையிலேயே இருக்கிறது, அதுவும் பெரும்பாலும் பிழையாக. புத்தகம் யாரிடம் வாங்கியது, எந்தப் பக்கத்தில் நிறுத்தி யோசித்தீர்கள், எந்தப் பக்கத்தில் அலுத்தது, எந்தச் சொல் விளங்கவில்லை. அவ்வளவு காணும். ‘அருமையான நாவல், அனைவரும் வாசிக்கவேண்டியது’ என்று எழுதினால் கொப்பிக்குத்தான் பாரம். இரண்டு வருடம் கழித்துப் பார்த்தால் எந்தப் புத்தகத்துக்கு எழுதியது என்று உங்களுக்கே தெரியாது. ‘முதல் மூன்று அத்தியாயம் இழுபட்டது, சண்டை வந்தபிறகு லைற் நூர்க்க மனம் வரவில்லை, முடிவை நான் நம்பவில்லை’ என்று எழுதுங்கள். அதில் ஆளும் இருக்கிறது, புத்தகமும் இருக்கிறது. பிடிக்காத புத்தகத்தைப் பாதியில் விட்டால் விட்ட பக்கத்தைக் குறித்துவைத்தால் போதும், வெட்கப்பட ஒன்றும் இல்லை.

4. ஒருத்தருக்குச் சொல்லுங்கள். மற்ற எல்லாவற்றையும் மறந்தாலும் இதை மறக்கவேண்டாம்.

அந்த நாளில் ஊர்ச் சனசமூக நிலையத்து வாசிகசாலைக்கு மல்லிகைச் சஞ்சிகை ஒரு பிரதிதான் வரும். வாங்கிலில் இருந்து வாசிக்கிறவருக்கு, தனக்கு அடுத்தவர் யாரென்று தெரியும். அவர் வீரகேசரியைப் பிரித்து வைத்துக்கொண்டு, வாசிக்காமல், இவரையே பார்த்துக்கொண்டிருப்பார். கைமாறும்போது ஒரு சொல்லும் சேர்ந்து போகும். “கடைசிக் கதையை முதல் வாசியும், கட்டுரையைப் பேந்து பாக்கலாம்.” அந்தச் சொல் அவருக்கென்றே சொன்னது. மாஸ்டருக்குச் சொல்வது வேறு, சங்கக்கடை மனேச்சருக்குச் சொல்வது வேறு. எவருக்கு எது பொறுக்கும், எது பொறுக்காது என்று தெரிந்து சொல்லுகிற சொல். மல்லிகையை 1966இல் தொடங்கிய டொமினிக் ஜீவாவும் இப்படித்தான். இதழைக் கையில் கொண்டு திரிந்து தானே விற்றார். வாங்குகிறவரின் முகம் அவருக்குத் தெரியும், வாங்கியவர் அடுத்த மாதம் அவரை வழிமறித்துக் குறையும் சொல்லுவார்.

இந்தப் பழக்கம் ஏழைத் தீவுக்குமட்டும் உரியது இல்லை. 1904 கடைசியில் இலங்கைக்கு வந்து, அடுத்த மாதமே யாழ்ப்பாணக் கச்சேரியில் வேலைக்குச் சேர்ந்த லெனாட் வூல்ப் என்ற இளம் வெள்ளைக்காரர் வோல்தேரின் 90 தொகுதிகளையும் ஒரு நாயையும் இங்கிலாந்தில் இருந்து கொண்டுவந்தவர். புத்தகத்துக்குக் குறைவில்லை, கதைக்கத்தான் ஆளில்லை. இங்கிலாந்தில் இருந்த சிநேகிதர் லிற்றன் ஸ்ட்ராச்சிக்குக் கடிதத்தின்மேல் கடிதம் எழுதினார். போய்ச் சேர வாரக்கணக்கு, பதில் வர இன்னும் வாரக்கணக்கு. ஆனால் எழுதும்போது எதிரில் ஒரு ஆள் இருந்தார்.

இப்போது உங்கள் கையில் இருக்கிற போனில் ஒரே தட்டில் ஐந்நூறு பேருக்குச் சொல்லலாம். ஐந்நூறு பேருக்குச் சொல்லும்போது வாய் தன்பாட்டில் மேடைப் பேச்சுக்குப் போய்விடும். எல்லோருக்கும் பொதுவான சொல்லாகத் தேடுவீர்கள், அப்படித் தேடினால் ‘அருமை’தான் அகப்படும். ஆகவே குழுவில் போட்டாலும் பெயர் சொல்லிப் போடுங்கள். “தங்கச்சி, நீ போன மாதம் கேட்டாய், கிணத்துப் பிரச்சினை பற்றி ஆரும் எழுதினவையோ எண்டு. இந்தப் புத்தகத்திலை இருக்கு, முதல் பாகத்தை விட்டுட்டு வாசி.” மற்றவர்கள் ஒட்டுக்கேட்பார்கள். ஒட்டுக்கேட்டு வாசிக்கிறவர்கள்தான் எப்போதும் கூட.

5. அட்டையைப் படம் எடுத்துப் போடுவது வாசிப்பில் சேர்த்தி இல்லை. பக்கத்தில் தேத்தண்ணிக் கோப்பையும் வைத்தால் இன்னும் இல்லை.

6. பிடிக்காததையும் சொல்லப் பழகுங்கள். நம்மிடத்தில் ஒரு புத்தகம் 300 அல்லது 500 பிரதி அடிக்கப்படும், செலவு பெரும்பாலும் எழுதியவருடையது. வெளியீட்டு விழாவில் வரிசையில் போய் என்வலப்பைக் கொடுத்துப் பிரதியை வாங்குவோம். வாங்கவேண்டியதுதான், அந்தக் காசில்லாமல் அடுத்த புத்தகம் வராது. ஆனால் வாங்கியவர்களில் எத்தனை பேர் பிரிக்கிறார்கள்? எழுதியவர் ஆறு மாதம் காத்திருப்பார், ஒருவர்கூட ‘உன்ரை இரண்டாம் கதை சரிவரேல்லை’ என்று சொல்லமாட்டார். மேடையில் சொன்ன புகழ் மேடையோடு போய்விடும்.

மு. தளையசிங்கம் புங்குடுதீவுக்காரர், ஆசிரியர், 1973இல் 38 வயதில் இறந்துபோனார். 1956 முதல் 1963 வரை ஈழத்தில் வந்தவற்றை வாசித்து ‘ஏழாண்டு இலக்கிய வளர்ச்சி’ எழுதினார். அவர் எழுதியது பெரும்பாலும் உயிரோடு இருந்தவர்களைப் பற்றி. நாளைக்கு யாழ்ப்பாணத்தில் பஸ்சுக்கு நிற்கும்போது எதிர்ப்படக்கூடியவர்கள். பெயர் சொல்லித்தான் எழுதினார். அவர் சொன்ன எல்லாவற்றோடும் எனக்கு உடன்பாடு கிடையாது, சில இடங்களில் கண்டிப்பாக இல்லை. ஆனால் அவரோடு முரண்பட முடிகிறது. ‘அருமை’ என்று எழுதியவரோடு எதை வைத்து முரண்படுவது?

ஒரு சின்ன எல்லை: குறை சொல்வதென்றால் முழுவதும் வாசித்திருக்கவேண்டும். பாதியில் விட்டவர் ‘விட்டேன்’ என்று மட்டும் சொல்லலாம்.

7. சிலதைச் சத்தமாக வாசியுங்கள். நயினாதீவு நாகமணிப் புலவரின் நிரோட்டக யமக அந்தாதி என்று ஒன்று இருக்கிறது. நிரோட்டகம் என்றால் உதடு இரண்டும் ஒட்டக்கூடாது. ப, ம, வ எதுவும் வராமல், குவிகிற உயிரெழுத்தும் வராமல் பாட்டு முழுக்கப் போகவேண்டும். கண்ணால் ஓட்டினால் இது ஒன்றும் தெரியாது. பழைய கஷ்டமான செய்யுள் என்று மூடிவிடுவீர்கள். கண்ணாடிக்கு முன்னால் நின்று வாய்விட்டு வாசித்துப் பாருங்கள், ஒரு மனிதர் எவ்வளவு பாடுபட்டிருக்கிறார் என்று தெரியும். நயினாதீவுப் பிள்ளைகள் இரண்டு பேரும் இதை ஒலிப்பதிவு செய்து மற்றவர்களுக்கு அனுப்பலாம். பாரிசில் இருக்கிறவருக்கு எழுத்துக்கூட்டி வாசிப்பதைவிடக் கேட்பது லேசு.

8. இல்லை என்று சொல்லமுன் நூலகத்தில் தேடுங்கள். இணையத்தில் 2005இல் தொடங்கிய ‘நூலகம்’ தளத்தைச் சொல்கிறேன். பழைய சஞ்சிகைகள், பத்திரிகைகள், பள்ளிக்கூட மலர்கள், கும்பாபிஷேக மலர்கள், கல்வெட்டுகள், எல்லாம் பக்கம் பக்கமாக ஸ்கான் பண்ணி இலவசமாக வைத்திருக்கிறார்கள். சஞ்சிகை என்றால் பெரும்பாலும் அந்த இதழில் என்னென்ன இருக்கிறது என்று பட்டியலும் கீழே இருக்கும். ஆகவே ‘எங்கேயோ ஒரு மல்லிகையில் வாசித்தேன்’ என்று இனிமேல் சொல்லவேண்டாம். எந்த மாதம், எத்தனையாம் பக்கம் என்று சொல்லுங்கள், கேட்கிறவர் போய்ப் பார்ப்பார்.

இது ஏன் நமக்கு இவ்வளவு தேவைப்படுகிறது என்பது உங்களுக்குத் தெரியும். 1981 மே 31 இரவு தொடங்கி எரிக்கப்பட்ட யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் 97,000 அளவில் நூல்கள் இருந்தன. அதே நாட்களில் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் இருந்த பூபாலசிங்கம் புத்தகசாலையும் எரிந்தது. பத்து வருடம் கழித்து, போரால் தீவுப்பகுதியில் வீட்டைப் பூட்டிவிட்டு வெளிக்கிட்ட சனம் புத்தக அலுமாரியைத் தூக்கிக்கொண்டு போகவில்லை. திரும்பி வந்தபோது கதவுநிலைகூட இல்லாத வீடுகள் இருந்தன. அதனால் உங்கள் வீட்டில் மிஞ்சியிருக்கிற ஒரு கிழிந்த பள்ளிக்கூட மலர் உலகத்தில் ஒரே பிரதியாக இருக்கக்கூடும். கொடுத்து ஸ்கான் பண்ண வையுங்கள். புத்தகத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம்.

ஒன்று மட்டும் செய்யவேண்டாம். உயிரோடு இருக்கிற எழுத்தாளர் போன வருடம் போட்ட புத்தகத்தை பிடிஎப் ஆக்கிக் குழுவில் சுற்றவிடாதீர்கள். 300 பிரதியில் 200 அவர் வீட்டுக் கட்டிலுக்குக் கீழே கிடக்கும்போது, நீங்கள் அதை அன்பு என்று நினைத்துக்கொண்டு செய்வீர்கள்.

9. புத்தகத்தைக் கடல்தாண்டி அனுப்பும் முறை. உப்புக்காற்றில் முதலில் கெடுவது தாள் இல்லை, சஞ்சிகையின் நடுவில் குத்தியிருக்கிற கம்பி. கறள் கட்டி, சுற்றியுள்ள தாளைத் தின்று, நடுப்பக்கம் கழன்று வரும். பழைய இதழ் கைக்கு வந்தால் கம்பியை மெதுவாக நிமிர்த்திக் கழற்றிவிட்டு, அதே துவாரத்தில் வெள்ளை நூலால் இரண்டு தையல் போடுங்கள். அலுமாரியைச் சுவரோடு ஒட்டி வைக்கவேண்டாம், கறையான் சுவர்வழியாகத்தான் ஏறும். வள்ளத்தில் கொண்டுபோகும்போது இரண்டு சொப்பிங் பாக்கில், வாயை எதிரெதிர்ப் பக்கமாக வைத்துச் சுற்றுங்கள். குறிகட்டுவான் இறங்குதுறையில் இருந்து நயினாதீவுக்குக் கால் மணித்தியாலம், மடியில் வைத்திருக்கலாம். நெடுந்தீவுக்கு ஒரு மணித்தியாலம், கடல் அடித்தால் மேல்தட்டு முழுக்க நனையும். அந்த நேரம் வாசிக்கவும் முடியாது, பக்கத்தில் இருக்கிற நெடுந்தீவு ஆச்சியோடு கதைத்துக்கொண்டு போங்கள்.

வெளிநாட்டில் இருக்கிறவர்கள் ஆனியில் நயினை அம்மன் திருவிழாவுக்கு வருவீர்கள். வரும்போது சொக்லேற் பெட்டியில் ஒன்றைக் குறைத்து, அங்கே வந்த தமிழ்ப் புத்தகங்களைக் கொண்டுவாருங்கள். பாரிசிலும் ரொறன்ரோவிலும் அச்சாகிறவை இங்கே கடைக்கு வந்து சேருவது அருமை. முதல் பக்கத்தில் உங்கள் பெயரை எழுதாமல், அடுத்ததாக வாசிக்கப்போகிறவரின் பெயரைப் பென்சிலால் எழுதுங்கள். அவர் முடித்ததும் அழித்துவிட்டு அடுத்த பெயரைப் போடட்டும். நெடுந்தீவுப் பிள்ளைக்கு உள்ளதைக் குறிகட்டுவானில் வள்ளக்காரரிடம் கொடுத்து, ஆரின்ரை மகன் என்று சொல்லிவிட்டால் பின்னேரத்துக்குள் போய்ச் சேர்ந்துவிடும்.